அஞ்சலிப் பதாகையில் முகம் ஏன் பச்சையடிக்கிறது?

கொட்டாஞ்சேனையில் டிஜிட்டல் பிரிண்டிங் கடை நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "எங்களிடம் இருப்பது நான்கு நிற எக்கோ சொல்வென்ட் (கரைப்பான் மை) மெஷின். 31ஆம் நாள் நினைவஞ்சலிப் பதாகைகளுக்குப் பலர் கறுப்பு வெள்ளைப் படம்தான் கேட்கிறார்கள். கடைக்குள் பார்த்தால் முகம் பச்சையடிக்கிறது. வெளியே வெயிலில் பிடித்தால் சிவப்பு ஓடுகிறது. ஃபோட்டோஷாப்பில் மஜெந்தாவை (ஊதா கலந்த சிவப்பை) கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?"

முதல் வேலையாக, படத்தில் மஜெந்தாவைக் கூட்டிக் குறைப்பதை நிறுத்துங்கள். R, G, B மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் அந்தப் படம் நடுநிலைச் சாம்பல்தான். அதில் குறை இல்லை. இன்று ஒரு படத்துக்குச் செய்த திருத்தம் நாளைய படத்துக்குப் பொருந்தாது. கடைசியில் எது மெஷினின் குறை, எது நீங்கள் செய்த மாற்றம் என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அங்கேதான் இருக்கிறது. மெஷினின் நிறச் சமநிலை மட்டும் தவறாக இருந்தால் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே சாயல்தான் தெரியும். உங்கள் சாம்பல், சயன் (பச்சை கலந்த நீலம்), மஜெந்தா, மஞ்சள் மூன்றும் கலந்து உருவாகிறது. அந்தக் கலவை வெளிச்சத்துக்கு வெளிச்சம் சாயல் மாறும். மலிவான டியூப் லைட்டின் ஒளியில் பச்சை தூக்கலாக இருக்கும், அதைச் சாம்பல் உடனே காட்டிக் கொடுத்துவிடும். கறுப்பு மை அப்படியல்ல. எல்லா ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் உறிஞ்சுவதால் உள்ளேயும் வெளியேயும் பெரிதாக மாறாது.

ஆகவே சாம்பலைக் கறுப்பு மையே சுமக்கட்டும். பதாகைக்கு இதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. படத்தை கிரேஸ்கேலாக (சாம்பல் சாயல்கள் மட்டும் உள்ள படமாக) மாற்றி, படத்தை மைப் புள்ளிகளாக்கி மெஷினுக்கு அனுப்பும் ரிப் மென்பொருளில் 'தூய கறுப்பை அப்படியே வை' என்ற பொருளில் வரும் அமைப்பை இயக்குங்கள். அதன் பெயர் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதை இயக்காவிட்டால் நீங்கள் கொடுத்த கிரேஸ்கேலையும் ரிப் நான்கு நிறமாகப் பிரித்துவிடலாம். வெளிர் பகுதிகளில் கறுப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும்தான். ஆனால் எட்டு அடிப் பதாகையை யாரும் மூக்கருகே வைத்துப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு குறை உண்டு. பதாகை அடிக்கும் பிளாஸ்டிக் விரிப்பான பிளெக்ஸில் வெறும் கறுப்பு மை ஆழமான கறுப்பாக இராது. தலைமுடியும் கோட்டும் வெளிறித் தெரியும். அதற்கு, எந்த நிறத்துக்கு எந்த மை எவ்வளவு என்று மெஷினுக்குச் சொல்லும் புரொஃபைல் கோப்பை உருவாக்கும்போது கறுப்பு வெளிர் பகுதியிலேயே தொடங்கும்படியும், மற்ற மூன்றும் ஆழ்ந்த நிழல்களில் மட்டும் சேரும்படியும் அமையுங்கள். அச்சுத் தொழிலில் ஜி.சி.ஆர் என்பது இதுதான். அதை அதிகபட்சத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வண்ணப் படங்களில் வரும் வெள்ளைச் சட்டை, நரைமுடி, சீமெந்துச் சுவர் எல்லாமே இதனால் திருந்தும்.

மூன்று நிறக் கலவையை முழுவதும் தவிர்க்க முடியாது என்பதால் அதையும் சீராக்க வேண்டும். மூன்று மையையும் சம அளவில் போட்டால் சாம்பல் வராது, பழுப்புதான் வரும். மைகள் எதுவும் தூயவை அல்ல. மஜெந்தா தான் உறிஞ்ச வேண்டிய பச்சையோடு நீல ஒளியையும் கொஞ்சம் உறிஞ்சிவிடுகிறது. அதனால்தான் ஆஃப்செட் அச்சில் நடுச் சாம்பலுக்கு சயன் 50, மஜெந்தா 40, மஞ்சள் 40 என்று வைப்பார்கள். உங்கள் மைக்கும் பிளெக்ஸுக்கும் அந்த எண் கொஞ்சம் விலகும். எவ்வளவு என்று அளவுக் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம்.

50 சதவீதக் கறுப்பில் ஒரு பெரிய பட்டை போடுங்கள். அதன் நடுவில் 50, 40, 40 கலவையில் ஒரு கட்டம். சுற்றிலும் மஜெந்தாவையும் மஞ்சளையும் இரண்டிரண்டு சதவீதம் ஏற்றியும் இறக்கியும் பல கட்டங்கள். புரொஃபைலை அணைத்து, லீனியரைசேஷனை (ஒவ்வொரு மையும் கேட்ட அளவுக்கு விழும்படி சீராக்கும் அமைப்பை) மட்டும் வைத்து அடியுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கடை வாசலில் நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். எந்தக் கட்டம் பட்டைக்குள் கரைந்து மறைகிறதோ அதுவே உங்கள் கலவை. அது 50, 36, 40 என்று வந்தால் நடுப்பகுதியில் மஜெந்தா அதிகமாக விழுகிறது என்று எடுத்துக்கொண்டு, மை அளவைத் தீர்மானிக்கும் அதன் வளைவை ரிப்பில் சிறிது இறக்குங்கள். கறுப்பு மையிலேயே மெல்லிய பழுப்பு இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி கிடைத்தால் இந்தக் கண் கணக்கே வேண்டாம். லீனியரைசேஷன் செய்து, பிளெக்ஸுக்கும் ஸ்டிக்கருக்கும் தனித்தனியாகப் புரொஃபைல் எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் நாசில் செக் (மை வரும் நுண்துளைகள் திறந்திருக்கின்றனவா என்ற சோதனை) பாருங்கள். சயனில் சில நாசில்கள் அடைத்திருந்தால் எந்தப் புரொஃபைலும் உதவாது. சாம்பல் முழுக்க ஒரே சாயலாக இல்லாமல் ஒரு பட்டை பச்சை, ஒரு பட்டை சிவப்பு என்று மாறி மாறி வந்தால், மை தெளிக்கும் ஹெட் போகும்போதும் வரும்போதும் மை விழும் வரிசை மாறுகிறது என்று அர்த்தம். அப்போது ஒருதிசை அச்சுக்கு மாற்றுங்கள். வேகம் குறையும், ஆனால் சாம்பல் சுத்தமாகும்.

கடையில் ஒரு மூலையிலாவது 5000 கெல்வின், சி.ஆர்.ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேற்பட்ட எல்.ஈ.டி விளக்கு போடுங்கள். அச்சை மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ 3664 தரமும் 5000 கெல்வின் ஒளியைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. வீட்டார் அந்த முகத்தைத்தான் கடைசியாகக் கும்பிடப் போகிறார்கள். அதில் பச்சை படிந்திருந்தால் அவர்களுக்கு மனம் கேட்காது.

வீட்டுச் சுவரில் மாட்டும் சிறிய கான்வாஸ் படமென்றால் இந்தக் கறுப்பு வழி போதாது. கிட்ட நின்று பார்க்கையில் புள்ளி தெரியும். அந்த வேலையைச் சாம்பல் மைகள் உள்ள மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். எப்சன் 2005இல் கொண்டுவந்த கே3 வகை மைகளில் கறுப்போடு இரண்டு வெளிர் கறுப்புகளும் சேர்ந்தே வருவது இதற்காகத்தான்.

அப்புறம், பிளெக்ஸ் ரோலின் வெள்ளை எப்போதும் ஒன்றாக இராது. சிலவற்றில் வெளுப்பூட்டி அதிகம். வெயிலில் நீலமாக மின்னும். புது ரோல் மாட்டும்போது மேலே சொன்ன பட்டையை ஒருமுறை அடித்து, பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே கட்டம் மறைந்தால் பழைய புரொஃபைலோடே வேலையைத் தொடரலாம்.