ஓடுகிற வீடியோவும் படிக்கிற பிள்ளையும்

கேள்வி: டிப்ளமோ முடித்த என் மகன் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடம் படிக்கிறான். வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது. படிக்கிறானா என்றுதான் தெரியவில்லை. இலவசம் என்றவன் இப்போது தேர்வுக்குப் பணம் கேட்கிறான். உண்மையா?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: பணம் விஷயத்தில் பையன் பொய் சொல்லவில்லை, அம்மா. 2017-இல் தொடங்கிய ஸ்வயமில் பாடம் கேட்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும்.

ஓடுகிற வீடியோதான் எனக்கு உறுத்துகிறது. ராயபுரத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, 62 வயதில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றவன் நான். (கொசுக்கடி தனிக் கதை.) ஒன்றரை மடங்கு வேகத்தில் 4 பாடங்களை முடித்துவிட்டு வாராந்திர வினாக்களைத் திறந்தால், பத்துக்கு மூன்று! பிறகு வழியை மாற்றினேன். பத்து நிமிடம் பார்ப்பேன், நிறுத்துவேன், கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் நினைவிலிருந்து எழுதுவேன். பேனா நின்ற இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். அடுத்த வாரமே எட்டு வந்தது.

மகன் எடுத்திருப்பது ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல் பாடமானால், இறுதி மதிப்பெண்ணில் 25 சதவீதம் இந்த வாராந்திர வினாக்களுக்குத்தான். வீடியோவை விடுங்கள், அந்த மதிப்பெண்ணைக் காட்டச் சொல்லுங்கள். தேர்வுப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.