அரசு மருத்துவமனையில் குழந்தைக்கு மனநலச் சிகிச்சை மறுத்தால் வழக்குப் போட முடியுமா?

முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. "தமிழ் தெரிந்தவர் இங்கே இல்லை, கோயம்புத்தூருக்குக் கொண்டு போங்கள்" என்றுதான் உங்களையும் அனுப்பியிருப்பார்கள். கேரள - தமிழ்நாடு எல்லைப்புறத்தில் எல்லோருக்கும் அதே பதில்தான்.

நாங்கள் கேரளாவில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். மகன் தமிழ் மீடியம். வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார மாட்டான், எழுதியதைப் பாதியில் விட்டுவிடுவான். பள்ளியில் சொன்னதால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே அறிவுத்திறன் சோதனையை முழுக்க மலையாளத்தில் எடுத்தார்கள். கடையில் சாமான் வாங்குகிற அளவுக்கு அவனுக்கு மலையாளம் வரும். ஒரு கதையைக் கேட்டு 'ஏன், எதற்கு' என்று விளக்குகிற அளவுக்கு வராது. பாதிக் கேள்விக்கு என் முகத்தையே பார்த்தான். நான் தமிழில் சொல்லப்போனால் "அம்மா பேசக் கூடாது" என்று தடுத்துவிட்டார்கள். கடைசியில் அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வரியில் பொருந்துகிற சட்டமே மாறிவிடுகிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய் என்று சொல்வதற்குள் அறிவுத்திறன் குறைபாடு வராது. அதற்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளை நான் தாழ்த்திப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களுக்கு அந்தச் சான்றிதழ் உரிமை. என் பிள்ளைக்கு இல்லாததை எழுதியதுதான் என் கோபம்.

சித்தூர் தாலுக்கா சட்டப்பணிக் குழுவில் போய்க் கேட்டேன். 1987 சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அங்கிருந்த வக்கீல் அக்கா முதலில் கேட்டது, "எழுத்தில் ஏதாவது இருக்கா?" என்றுதான். 2017 சட்டத்தின் 18-ஆம் பிரிவில் குழந்தைகளுக்கான மனநலச் சேவை அரசின் கடமையாக இருக்கிறது. குறைந்தபட்சச் சேவைகூட மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பார்த்த செலவை அரசே ஏற்க வேண்டும். சேவையில் குறை என்றால் 28-ஆம் பிரிவின்படி முதலில் பொறுப்பு மருத்துவரிடம் புகார், அப்புறம் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம். வாரியத்துக்குக் கட்டணம் கிடையாது.

புகாரைத் தமிழிலேயே எழுதினோம். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத இடம் கொடுக்கிறது, பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. வந்த பதில் மலையாளத்தில் இருந்தது. அது எனக்கு இன்னமும் ஆறவில்லை. ஆனால் தமிழ் தெரிந்த சைக்காலஜிஸ்டை வைத்து மறுபடி சோதித்தார்கள். வாரியம் வரை போக வேண்டியிருக்கவில்லை. அறிவுத்திறன் சரியாகவே இருக்கிறது, இருப்பது ஏடிஎச்டி, அதாவது கவனச் சிதறலும் ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பும்.

டாக்டர்களைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஓ.பி.யில் அவர்கள் படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆள் போடாத அரசின் மேல்தான் என் புகார். மகன் பள்ளியிலும் இதே கதை: தமிழ் மீடியம் வகுப்புக்குத் தமிழ் தெரியாத கணக்கு டீச்சரைப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று புகார் மட்டும் வீட்டுக்கு வருகிறது! அதற்கும் பெற்றோர் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம்.

நான் வக்கீல் இல்லை. உங்கள் தாலுக்கா சட்டப்பணிக் குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். 2017 சட்டம் மத்தியச் சட்டம், எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் இதே வழிதான். அடுத்த முறை "இங்கே முடியாது" என்றால், அதை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.