காட்டுக்கு எந்தக் கத்தி?

கேள்வி: கூட்டாளிமாரோடு நக்கிள்ஸ் மலைப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறேன். புறக்கோட்டையில் ஒரு கத்தி பார்த்தேன். முதுகில் வாள் மாதிரிப் பல், பிடிக்குள்ளே நெருப்புக்குச்சி, தூண்டில், மூடியில் திசைகாட்டி. வாங்கலாமா ஐயா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் கத்தியைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். பிடிக்குள் இவ்வளவு சாமான் வைக்க இடம் எப்படி வந்தது? அலகின் இரும்பு உள்ளே இறங்காமல் வாயிலேயே ஒரு நட்டோடு நின்றுவிடுகிறது. விறகில் வைத்து அடித்தால் முதலில் ஆடுவது அந்த இடம்தான்.

கடையில் கத்தியை எடுத்ததும் பிடியின் முதுகைப் பாருங்கள். இரண்டு பக்கத் தகட்டுக்கும் நடுவில் அலகின் இரும்பு ஒரே கோடாக அடிவரை ஓடவேண்டும். ஓடினால்தான் மேற்கொண்டு விலை பேசலாம். அலகு 4 அங்குலம், தடிப்பு 3 அல்லது 4 மில்லிமீற்றர் போதும். கயிறு அறுக்க, கூடார முளை சீவ அந்த நீளம்தான் கைக்கு அடங்கும். மடக்குக் கத்தி வெங்காயம் வெட்டச் சரி, விறகு பிளக்க அதன் மூட்டுத் தாங்காது. பற்றை வெட்டுகிற பெரிய கத்தியும் வேண்டாம். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம், 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. பச்சைக் கொப்பில் கை வைக்காதீர்கள்.

நெருப்பு மூட்ட அனுமதி உள்ள இடத்தில் மழை பிடித்தால் கத்தியின் அருமை தெரியும். நனைந்த விறகு வெளியேதான் ஈரம். மணிக்கட்டுத் தடிப்புள்ள துண்டை நிமிர்த்தி, நார் ஓடும் பக்கமாக அலகை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டுங்கள். பிளந்ததும் உள்ளே காய்ந்த மரம் இருக்கும். அதை மெல்லிய சுருளாகச் சீவினால் பற்றிக்கொள்ளும்.

காபன் உருக்கில் கூர் சுலபமாக ஏறும், எனக்கு விருப்பமும் அதுதான். ஆனால் வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும். தினமும் துடைத்து எண்ணெய் பூசப் பொறுமை இல்லையென்றால் ஸ்டெயின்லஸ் வாங்குங்கள். எதுவானாலும் தோல் உறைக்குள் போட்டு வீட்டில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும்.

இன்னொன்று, மடியில் வைத்துச் சீவவே கூடாது. தொடையின் உட்பக்கம் பெரிய நாடி ஓடுகிறது. அது வெட்டுப்பட்டால் மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்க நேரம் கிடைக்காது. கையை முழங்காலுக்கு வெளியே கொண்டுபோய், உடம்பை விட்டு வெளிப்பக்கமாகச் சீவுங்கள். புறப்பட முதல் கூட்டாளிமாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.