கணுக்கால் சுளுக்கிய பிறகு முதலில் எதைத் தொடங்கலாம், ஓட்டமா சைக்கிளா?

சைக்கிள்தான். பாதம் உள்நோக்கி மடங்கிச் சுளுக்கும்போது பெரும்பாலும் அடிபடுவது வெளிப்பக்கத் தசைநார். பெடல் மிதிக்கையில் பாதம் பக்கவாட்டில் புரளாது, எடையில் பெரும்பங்கை சீட் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஷூவைப் பூட்டும் கிளிப் பெடல் இப்போதைக்கு வேண்டாம். கழற்றுவதற்குக் குதிகாலை வெளியே திருப்புவீர்களே, அந்தத் திருகல்தான் வலியைக் கிளப்பும்.

ஓட்டத்துக்கு வீக்கம் வற்றினால் மட்டும் போதாது. அடிபட்ட காலில் மட்டும் நின்று பல் துலக்கிப் பாருங்கள். தள்ளாடினால் கணுக்காலின் சமநிலை இன்னும் திரும்பவில்லை. ஒற்றைக் காலில் வலியில்லாமல் துள்ள முடிந்தபின், சமதரையில் நடையும் ஓட்டமுமாக மாற்றி மாற்றித் தொடங்கலாம்.

அப்புறம், நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, முதலில் எக்ஸ்ரே. எண்ணெய் போட்டு நீவுகிற வேலையே வேண்டாம்.