பிளே எல்லாம் அப்புறம், முதல்ல கோர்ட்ல பரவி நிக்கட்டும்

கேள்வி: ஸ்கூல்ல 14 வயசுக்கு உட்பட்ட பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீமைப் பாத்துக்கறேன். வீடியோ பாத்து அஞ்சாறு பிளே (யார் எங்க ஓடணும், யாருக்கு பாஸ்னு முன்னாடியே வகுத்து வச்ச ஆட்டம்) சொல்லிக் கொடுத்தேன், பிராக்டிஸ்ல அழகா வருது, மேட்ச்ல ஒண்ணும் வரல. எல்லாரும் பால் கிட்டயே வந்து கூடிடறாங்க, ஒரே பொண்ணுதான் டிரிபிள் பண்றா (பாலைத் தரையில தட்டிக்கிட்டே போறா), உயரமான பொண்ணு ரிங்குக்கு அடியிலயே நிக்கறா. எதிர் டீம் 2-3 ஜோன் (முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி மூணு பேர்னு நின்னு ஆளுக்கு ஒரு ஏரியாவைக் காக்கறது) போட்டா அப்படியே நின்னுடறோம். எந்த ஆஃபென்ஸ் (தாக்கி ஆடற முறை) நல்லது?
- ஒரு பி.டி. டீச்சர்

டீச்சர், அந்த அஞ்சாறு பிளேயையும் இந்த வருஷத்துக்கு ஓரமா வச்சிடுங்க. பிராக்டிஸ்ல எதிர்ல நிக்கறதும் நம்ம பொண்ணுங்கதான், அடுத்த பாஸ் எங்க போகும்னு தெரிஞ்சு வழி விட்டுடுவாங்க. மேட்ச்ல ரெண்டாவது பாஸையே எதிராளி கை நீட்டி மறிச்சுட்டா அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம பிள்ளை முழிப்பா, அதுக்குள்ள பால் கைமாறிடும். இந்த வயசுல அவங்களுக்கு வேண்டியது மனப்பாடம் இல்ல, எதிராளி எங்க நிக்கறான்னு பாத்து முடிவெடுக்கற பழக்கம்.

அதுக்கு நான் சொல்றது 5-அவுட், அதாவது அஞ்சு பேரும் ரிங்கை விட்டு வெளிய பரவி நிக்கறது; பாஸ் கொடுத்தா கட், அதாவது உடனே ரிங்கை நோக்கி வெட்டி ஓடறது. அஞ்சு இடம் இருக்கு: ரிங்குக்கு நேரா டாப், ரெண்டு பக்கம் விங், ரெண்டு பக்கம் கார்னர். சிமெண்ட் கோர்ட்னா சாக்பீஸ்ல அஞ்சு வட்டம் போட்டுடுங்க, பக்கத்துப் பக்கத்து வட்டத்துக்கு நடுவுல சுமாரா நாலு மீட்டர் இருக்கட்டும். மூணு பாயிண்ட் கோடு 6.75 மீட்டர்ல இருக்கு, உங்க பிள்ளைங்க கைக்கு அங்கேருந்து பாஸே எட்டலன்னா கோட்டுக்கு ஒரு அடி உள்ளேயே போடுங்க, தப்பில்ல, ஆனா ஒரு வட்டத்துல ரெண்டு பேர் நிக்கவே கூடாது, இது ஒண்ணுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. ஏன்னா ரெண்டு பேர் ஒட்டி நின்னா ஒரே டிஃபென்டர் (தடுத்து ஆடற எதிராளி) ரெண்டு பேரையும் பாத்துக்குவா, மிச்சம் ஒரு டிஃபென்டர் ரிங்கை அடைச்சுக்குவா.

இனி ஓட்டம். டாப்ல இருக்கறவ வலது விங்குக்கு பாஸ் கொடுக்கறான்னு வைங்க, கொடுத்த உடனே நின்னு வேடிக்கை பாக்காம ரிங்கை நோக்கி ஓடணும், கையைக் காட்டிக்கிட்டே ஓடணும், திரும்ப பால் வந்தா லே-அப் (ஓடி வந்து ரிங் கிட்டேருந்தே போடற ஷாட்). வரலன்னா அப்படியே இடது கார்னருக்குப் போயிடணும், இடது விங்ல இருந்தவ டாப்புக்கு ஏறணும், கார்னர்ல இருந்தவ விங்குக்கு ஏறணும். அவ்வளவுதான், இதுவே திரும்பத் திரும்ப.

இதுக்கு மேல ஒரே ஒரு ரூல் சேருங்க. எனக்கு பாஸ் வர்ற வழியில டிஃபென்டரோட கை இருந்தா, பாலைக் கேட்டு வெளிய வராம அவ முதுகுக்குப் பின்னாடி ரிங்குக்கு ஓடணும், பேக்டோர் கட்னு சொல்றோமே அதுதான். 1996ல அமெரிக்க காலேஜ் டோர்னமென்ட்ல பிரின்ஸ்டன் டீம், முந்தின வருஷ சாம்பியன் யூசிஎல்ஏவை 43-41னு ஜெயிச்சது இப்படி ஒரு கட்லதான், கடைசி சில செகண்ட்ல. அந்த பாஸைக் கொடுத்தது அவங்க சென்டர், அதாவது உயரமான ஆளு, இதை நல்லா கவனிங்க.

உங்க உயரமான பொண்ணை ரிங்குக்கு அடியில நிறுத்தாதீங்கன்னு இதனாலதான் சொல்றேன். முதல்ல அங்க மூணு செகண்ட் வயலேஷன் வரும், அதாவது நம்ம டீம் கிட்ட பால் இருக்கறப்ப ரிங்குக்கு முன்னாடி இருக்கற ஏரியாவுல மூணு செகண்டுக்கு மேல நிக்கக் கூடாது. அடுத்து, இன்னிக்கு உயரமா இருக்கற பிள்ளை 17 வயசுல டீம்ல நடுத்தர உயரமா இருக்கலாம், அப்ப டிரிபிளும் தெரியாது பாஸும் தெரியாதுன்னா அவ ஆட்டமே முடிஞ்சு போயிடும், அதைப் பாக்க எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். அவளும் அஞ்சு இடத்துலயும் ஆடட்டும். அதே மாதிரி டிரிபிள் பண்ற பொண்ணும் கார்னர்ல நின்னு பால் இல்லாம ஓடக் கத்துக்கட்டும்.

பிராக்டிஸ்ல பாதி நேரத்தை அரை கோர்ட்ல 3-க்கு-3க்கு ஒதுக்குங்க, டிரிபிள் கிடையாதுன்னு சொல்லிடுங்க. முதல் வாரம் பாக்கவே சகிக்காது, பாலைப் பிடிச்சுக்கிட்டு கத்துவாங்க, பொறுத்துக்கோங்க. பால் போட வழி இல்லாதப்பதான் மத்த ரெண்டு பேருக்கும் நாம நகரணும்னு உறைக்கும், இதை வெளிய நின்னு எத்தனை தடவை கத்தினாலும் புரிய வைக்க முடியாது. அப்புறம் ஆளுக்கு ரெண்டு டிரிபிள் அனுமதிங்க, ரிங்கை நோக்கி மட்டும்.

ஜோனுக்கு வருவோம். ஜோன் போடற டீமுக்கு எதிரா முதல் மருந்து வேகம், ரீபவுண்ட் (ஷாட் தவறி எகிறி வர்ற பால்) கைக்கு வந்ததும் மூணு பேர் மூணு லைன்ல ஓடுங்க, அவங்க வந்து செட் ஆகறதுக்குள்ள லே-அப். செட் ஆயிட்டா ஒரு பிள்ளையை ஃப்ரீ த்ரோ லைன் (ரிங்குக்கு எதிர்ல, தடுக்க ஆளில்லாம ஷாட் போடற கோடு) நடுவுல கொண்டு வாங்க, 2-3ல முன்னாடி ரெண்டு பேருக்கும் பின்னாடி மூணு பேருக்கும் இடையில இருக்கற பொத்தல் அதுதான். அங்க உங்க உயரமான பொண்ணு பாலை வாங்கி ரிங்கைப் பாத்துத் திரும்பினாலே பின்னாடி நடுவுல நிக்கறவ ஏறி வந்தாகணும், அப்ப கார்னர்ல இருக்கறவ பேஸ்லைன் (ரிங்குக்குப் பின்னாடி இருக்கற எல்லைக் கோடு) ஓரமா உள்ள வெட்டினா காலியா கிடைப்பா. பால் ஒரு பக்கத்துலேருந்து மறுபக்கம் போகாம ஷாட் எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வைங்க, ஜோன் நகர்ந்தாதான் பொத்தல் பெருசாகும்.

பால் 6ஆம் நம்பர்தானே? பசங்களோட 7ஆம் நம்பர்ல பிராக்டிஸ் பண்ண விடாதீங்க, அது சுத்தளவுலயும் எடையிலயும் பெருசு, இடுப்புலேருந்து தூக்கி எறியற கெட்ட பழக்கம் வந்துடும், அப்புறம் மாத்தவே முடியாது.

மனப்பாடமா ஒரே ஒண்ணு மட்டும் இருக்கட்டும், ரிங்குக்குக் கீழ பேஸ்லைன் த்ரோ-இன், அதாவது கோட்டுக்கு வெளிய நின்னு பாலை உள்ள போடறது. அங்க 5 செகண்ட்தான், யோசிக்க நேரம் இருக்காது. நாலு பேரும் மூணு செகண்ட் ஏரியா ஓரமா வரிசையா நிக்கணும், பால் வச்சிருக்கறவ கையால தட்டினதும் முதல் ஆள் கார்னருக்கு, ரெண்டாவது ஆள் நேரா ரிங்குக்கு, மூணாவது ஆள் மறுபக்கம், கடைசி ஆள் பின்னாடி பாதுகாப்புக்கு. தினமும் பிராக்டிஸ் முடியறப்ப பத்து தடவை போடுங்க, ஒவ்வொரு தடவையும் வெளிய நிக்கற ஆளை மாத்தி மாத்தி.