பரணில் கிடந்த பிளாஸ்டிக் விமானம்: வாசகர் கேள்விகளுக்கு விடை

பழைய மாடல் விமானங்களைச் சீரமைப்பது பற்றி எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

களியக்காவிளை வாசகர்: சித்தப்பா துபாயிலிருந்து வாங்கிவந்து 1980-களில் ஒட்டிய ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல், 1/72 அளவு (அசலில் 72-ல் ஒரு பங்கு), பரணில் கிடைத்தது. பசை வழிந்திருக்கிறது, பெயின்ட் தடித்துக் கிடக்கிறது. முழுவதும் பிரித்து மறுபடி கூட்ட ஆசை. ஃப்ரீசரில் வைத்தால் பிரிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. எந்தப் பசையால் ஒட்டியது, எவ்வளவு பசை இட்டது என்பதைப் பொறுத்தது. பாகங்களை ஒட்டிக் கூட்டும் இந்தக் கிட்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. மாடல் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து, இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போகிறது. விளிம்பு முழுக்க அப்படிப் பிடித்த மூட்டு வெல்டு வைத்த இரும்புக்குச் சமம். குளிரும் அதைப் பிரிக்காது, கத்தியை நுழைத்து நெம்பினாலும் பிரியாது. ஆனால் ட்யூப் பசையை அங்கங்கே பொட்டு வைத்து ஒட்டியிருந்தால், காய்ந்த பசை குளிரில் நொறுங்கும். ஃபெவிகுவிக் வகைப் பசையும் குளிரில் விட்டுக்கொடுக்கும்.

எது என்று அறிய, பூதக்கண்ணாடியால் மூட்டைப் பாருங்கள். மஞ்சளாக, பளபளப்பாகக் கோடு திரண்டிருந்தால் ட்யூப் பசை. சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்தது போல இருந்தால் ஃபெவிகுவிக் வகை. கோடே தெரியாமல் வழுவழுவென்று இருந்தால் வெல்டு; அதை விட்டுவிடுங்கள்.

ஃப்ரீசரில் வைக்கும் முன் சக்கரக் கால், ஆன்டெனா, துப்பாக்கிக் குழல் போன்ற மெல்லிய பாகங்களைச் சாதாரண வெப்பநிலையிலேயே மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடுங்கள். பசை நொறுங்கும் குளிரில் மெல்லிய பிளாஸ்டிக்கும் நொறுங்கும். பிறகு விமானத்தைக் காற்றுப் புகாத பாலிதீன் உறையில் போட்டு ஓர் இரவு வையுங்கள். எடுத்தவுடன், சூடேறும் முன், வேலையைத் தொடங்க வேண்டும். இழுக்காதீர்கள், மூட்டை விரலால் அழுத்தி மெல்லத் திருகுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் பசை விட்டது என்று பொருள். முதலில் புரொப்பெல்லர், அடுத்து வால் இறக்கை, பிறகு பெரிய இறக்கை, உடலின் இரு பாதிகள் கடைசியில். வராவிட்டால் மறுபடி ஃப்ரீசரில் வையுங்கள்.

அப்படியும் வராத, ஆனால் பிரித்தே ஆகவேண்டிய மூட்டுக்கு, பிளேடின் முதுகுப்புறத்தால் அதே கோட்டில் இருபது முப்பது தடவை மென்மையாகக் கீறுங்கள். ரம்பம் போட்டால் அதன் வாயளவு பிளாஸ்டிக் போய்விடும். திரும்ப ஒட்டும்போது 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தாள் பட்டை ஒன்றை இடையில் வைத்து ஈடுகட்ட வேண்டும்.

முழுவதும் பிரிக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். உடலின் இரு பாதிகளும் நேராகச் சேர்ந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். காக்பிட் (விமானி அமரும் அறை) வேலையைக் கண்ணாடி மூடியைக் கழற்றி அந்த வாய்வழியாகவே செய்துவிடலாம். கோணலாக ஒட்டியதையும் உடைந்ததையும் மட்டும் பிரியுங்கள். பழைய மாடல்கள் பாழாவது பெரும்பாலும் பிரிக்கத் தேவையில்லாததைப் பிரிக்கப்போய்த்தான்.

செங்கோட்டை வாசகர்: பெயின்ட் எடுக்கப் பெயின்ட் கடைத் தின்னரில் துணி நனைத்துத் துடைத்தேன். இறக்கை கொழகொழவென்று ஆகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

முடியும், இப்போது அதைத் தொடாமல் இருந்தால். பெயின்ட் கடையில் தரும் என்.சி. தின்னரில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. அவை பிளாஸ்டிக்கையே கரைக்கும். அசிட்டோன், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் ஆகாது. ஒரு வாரம் காற்றோட்டமான இடத்தில் அப்படியே கிடக்கட்டும். கரைப்பான் முழுதும் வெளியேறி மேற்பரப்பு மறுபடி இறுகும். அதன் பிறகு 400, 800, 1000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தகட்டு இணைப்புகளைக் காட்டும் மேட்டுக்கோடுகள் அழிந்துபோகும், அதை ஏற்றுக்கொண்டு, தடித்த ஒட்டுநாடாவை அளவுகோல்போல ஒட்டி, ஊசிமுனையால் புதிதாகக் கோடு கீறிக்கொள்ளலாம்.

இனிச் செய்யவேண்டிய முறை. பழைய எனாமலுக்கு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பிரேக் ஆயில் போதும்; டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கோன், அதனால் பயனில்லை. முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். பிளாஸ்டிக் மென்மையாகவில்லை என்றால் மூடியுள்ள டப்பாவில் மூழ்கும்படி ஊற்றி வையுங்கள். ஒரு மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தடித்த பெயின்டுக்கு ஓர் இரவு ஆகலாம். பெயின்ட் சுருங்கித் தோல்போல எழும்பியதும் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். மூலைகளுக்கு ஈர்க்குச்சி. பிறகு பாத்திரம் துலக்கும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு இரண்டு தடவை கழுவுங்கள். எண்ணெய்ப் பசை தங்கினால் புதுப் பெயின்ட் பிடிக்காது.

கையுறை அவசியம். பிரேக் ஆயில் வண்டியின் பெயின்டில் பட்டால் அதையும் உரித்துவிடும். பயன்படுத்தியதைத் துணியில் வடிகட்டி இதே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வண்டியில் திரும்ப ஊற்றக் கூடாது, கிணற்றங்கரைப் பக்கமும் கொட்டக் கூடாது. அக்ரிலிக் பெயின்டாக இருந்தால், செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இதைவிடச் சுலபம். கண்ணாடி பாகங்களை இரண்டிலுமே ஊறவைக்காதீர்கள். உள்ளே முடிபோல விரிசல் ஓடும்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 நாட் (Gnat) ஜெட் விமானப் பழைய கிட் ஒன்று கிடைத்தது, பாதி ஒட்டியது. இதை நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓட்டிய நாட் விமானமாக மாற்றிக் கட்டலாமா?

நல்ல ஆசை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நாட் விமானத்தில் போரிட்டு வீழ்ந்து, பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர். அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் தேஜஸ் விமானங்களோடு மறுபடி எழுந்ததும் உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் உள்ள சூலூரில்தான். ஆனால் இந்தக் கிட்டை அதற்கு எடுக்காதீர்கள். பெட்டியில் இருப்பது டி.1, இருவர் அமரும் பயிற்சி விமானம். நம் விமானப்படை போருக்கு ஓட்டியது ஒருவர் அமரும் எஃப்.1.

மூக்கை வெட்டி இருக்கையைக் குறைத்தால் போதும் என்று தோன்றும். அளந்து பாருங்கள். டி.1-ன் இறக்கை அகலம் 7.32 மீட்டர், 1/72-ல் ஏறக்குறைய 102 மி.மீ. எஃப்.1 6.73 மீட்டர், 93 மி.மீ.யும் சொச்சமும். நீளத்தில் 134-க்கு 121. பயிற்சி விமானத்துக்கென்று இறக்கையையே புதிதாகப் பெரிதாக வடிவமைத்தார்கள். முனையில் 4 மி.மீ. வெட்டினால் அளவு வரும், வடிவம் வராது. வாலும் பெரிது. மாற்றி முடித்தால் மிஞ்சுவது கிட்டின் பெயர் மட்டும்.

இதை பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழுவான ரெட் ஆரோஸின் சிவப்பு நாட் ஆகச் சீரமையுங்கள். 1965 முதல் 1979 வரை அவர்கள் ஓட்டியது இந்த டி.1-ஐத்தான். சேகோனின் விமானத்துக்கு ஒற்றை இருக்கைக் கிட் தேடுங்கள். அதைக் கட்டும்போது பெயின்டை முடிவுசெய்யும் முன் அந்தந்த ஆண்டின் புகைப்படத்தைப் பாருங்கள். 1965-ன் வெள்ளி நிறத்தை 1971-க்கு அப்படியே போட்டுவிடக் கூடாது. வட்டச் சின்னத்தில் காவி வெளியே, வெள்ளை நடுவே, பச்சை மையத்தில்.

கம்பம் வாசகர்: டெக்கால் தாள் (நீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்) பழுப்பேறிவிட்டது. ஒன்றைத் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டானது. மீதியை எப்படிக் காப்பது?

முதல் வேலை, மீதியைத் தண்ணீரில் போடாமல் 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்வது. பக்கத்தில் ஒரு அளவுகோலையும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் அச்சிட வேண்டி வந்தால் அளவு தவறாது.

பழுப்புக்கு வெயில் மருந்து. தாளைப் பாலிதீன் உறையில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வெளுக்கும். தினமும் பாருங்கள், சிவப்பு மை வெளுக்கத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள்.

நொறுங்குவதற்குக் காரணம், எழுத்தைத் தாங்கும் மெல்லிய படலம் காய்ந்து உடைந்திருப்பது. அதன்மேல் புதுப் படலம் போட வேண்டும். பளபளப்பான கிளியர் ஸ்ப்ரே இரண்டு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய இடைவெளி, கடைசியில் ஒரு முழு நாள். இப்போது தாள் முழுவதும் ஒரே படலம், ஆகவே ஒவ்வொரு சின்னத்தையும் ஓரத்தில் அரை மி.மீ. விட்டுத் தனித்தனியாக வெட்ட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து எடுத்து, தானாக வழுக்கும் வரை தாள்மேலேயே விடுங்கள். பளபளப்பான பரப்பில் மட்டும் ஒட்டுங்கள். மேட் பெயின்டின் சொரசொரப்பில் காற்று சிக்கி, படலம் வெள்ளியாக மின்னும்.

புதிதாக அச்சிடுவதானால் ஒன்று: இங்க்ஜெட் பிரின்டர் வெள்ளை நிறம் அச்சிடாது. வட்டம் விழும் இடத்தில் முதலில் வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள், அல்லது வெள்ளை டெக்கால் தாள் வாங்குங்கள்.

புளியரை வாசகர்: பெட்டியைத் திறந்தால் ரப்பர் டயரும் பிளாஸ்டிக் சக்கரமும் உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெட்டி வெயிலில் இருந்ததே இல்லையே?

வெயில் காரணமில்லை. அது உண்மையில் ரப்பரே அல்ல, மென்மையாக்கும் எண்ணெய் கலந்த வினைல். அந்த எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. டயரை வெட்டி எடுங்கள். குழிந்த இடத்தை ஃபெவிகுவிக்கும் முகப்பவுடரும் குழைத்து நிரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். அதே டயரை மாட்டுவதானால் நடுவே மெல்லிய அலுமினியத் தாள் ஒரு சுற்று கட்டாயம். மாடலை ரெக்சின் பையிலோ வினைல் உறையிலோ வைப்பதும் இதே கேட்டைத் தரும்.

கூடலூர் வாசகர்: காக்பிட் கண்ணாடி மூடி மங்கி, ஓரம் உடைந்துவிட்டது. மாற்று கிடைக்கவில்லை.

மங்கல் மட்டுமென்றால் 2000 வாட்டர் பேப்பர், பிறகு வெள்ளை டூத்பேஸ்ட், மென்துணி. உடைந்ததற்குப் புதிதாகவே செய்யலாம், தண்ணீர் பாட்டிலிலிருந்து.

பழைய மூடியின் உடைந்த ஓரத்தை செலோடேப்பால் மூடி, வெளிப்புறம் வாஸ்லின் தடவி, குழைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தலைகீழாக அழுத்துங்கள். இறுகியதும் எடுத்து, அந்த அச்சை ஒரு நாள் காயவிட்டு, உள்ளே வாஸ்லின் தடவி எம்சீலைத் திணித்து நிரப்புங்கள். மறுநாள் வெளியே எடுத்தால் மூடியின் வடிவில் ஒரு கட்டி. அதைச் சுற்றிலும் கால் மி.மீ. தேய்த்துக் குறைத்து, 2000 வரை வழவழப்பாக்குங்கள். அதிலுள்ள ஒவ்வொரு கீறலும் புதுக் கண்ணாடியில் தெரியும். அடிப்பக்கம் குறுகி நடுவில் புடைத்த மூடிகளுக்கு இந்த அச்சு ஒத்துவராது, கழற்ற வராது.

பெட் பாட்டிலின் நேரான நடுப்பகுதியை வெட்டி, கட்டியை உள்ளே வைத்து, எதிர்ப்புறம் மரத்துண்டு கொடுத்து இறுக்குங்கள். ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினால் சில நொடிகளில் பாட்டில் சுருங்கிக் கட்டியைக் கவ்வும். ஹேர் டிரையர் சூடு பெரும்பாலும் போதாது. ஒரே இடத்தில் காட்டினால் பால்போல வெளுத்துவிடும். முதல் மூன்று நான்கை வீணென்று வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. ஒட்டுவதற்கு ஃபெவிகால் மட்டும். ஃபெவிகுவிக் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும், ஈரக்காற்றில் இன்னும் மோசம்.

களியக்காவிளை, மற்றொரு வாசகர்: மூக்குச் சக்கரம் உள்ள ஜெட் வாலில் உட்கார்ந்துவிடுகிறது. தூண்டில் ஈயம் போடலாமா?

போடலாம். உடலை டேப்பால் சேர்த்து, பின் சக்கரம் வரும் இடத்தில் விரலைக் கொடுத்துத் தூக்குங்கள். மூக்கு நன்றாகத் தாழும் வரை ஈயம் சேருங்கள், பெயின்டுக்கும் வால் பாகங்களுக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம். அரால்டைட் கொண்டு ஒட்டுங்கள். ஃபெவிகால் வேண்டாம், வெள்ளைப் பசையோடு ஈயம் அரித்து, பொரிந்து பருத்து, சில வருடங்களில் மூக்கையே பிளந்துவிடும்.

செங்கோட்டை, மற்றொரு வாசகர்: சாரல் காலத்தில் பெயின்ட் அடிக்கலாமா?

கிளியர் ஸ்ப்ரேயும் லாக்கர் வகையும் வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். எனாமலைக் கையால் பூசலாம். காய இரண்டு மூன்று நாள் கொடுத்து, தூசி படாமல் டப்பாவால் மூடுங்கள். காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் என்றால் பெயின்ட் பால் பதத்துக்கு, அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ., குழாயில் நீர்பிடிப்பான் கட்டாயம். அதில் தேங்கும் தண்ணீரை அரைமணிக்கு ஒருமுறை திறந்துவிடுங்கள். வெள்ளை பூத்துவிட்டால் உரிக்க வேண்டாம். வெயில் காயும் நாள் ஒன்றில் அதே கிளியரை மிக மெல்லியதாக இன்னொரு தடவை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.