ராணுவத் தளத்தில் மகள் சுடப் பழகலாமா?

ஆலந்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 16 வயது. ஏர் ரைபிளில் நன்றாகச் சுடுகிறாள். அடுத்து நிஜத் தோட்டா போட்டுச் சுடும் .22 ரைபிள் பழக ஆசைப்படுகிறாள். பரங்கிமலை பக்கத்திலேயே இருக்கிறோம். ராணுவத்தின் ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், பொதுமக்களை விடுவார்களா? பாதுகாப்பு எப்படி இருக்கும்?"

தனி ஆளாக மனு எழுதிக்கொண்டு ராணுவ வளாக வாசலுக்குப் போகாதீர்கள், அலைச்சல்தான் மிஞ்சும். துப்பாக்கி சுடும் கிளப்போ அதற்கான மாநிலச் சங்கமோ ஒரு போட்டிக்காக அல்லது முகாமுக்காக எழுதிக் கேட்க வேண்டும். அந்த இடத்துக்குப் பொறுப்பான அதிகாரி சம்மதித்தால் உண்டு. அவர்களுக்கே பயிற்சி இருந்தால் உங்கள் நாள் தள்ளிப்போகும். அதை நம்பி ஒரு பிள்ளையின் தினசரிப் பயிற்சியை அமைக்க முடியாது.

உங்கள் மகளுக்கு அது தேவையும் இல்லை. .22 ரைபிள் போட்டி 50 மீட்டரில் நடப்பது. ராணுவச் சுடுதளம் பெரும்பாலும் 100 முதல் 300 மீட்டர் வரை, பெரிய தோட்டாவுக்காக அமைத்தது. எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். 21 வயது நிரம்பாமல் துப்பாக்கி உரிமம் வாங்க முடியாது என்பதால், கிளப்பின் மேற்பார்வையில் சுடுவதுதான் அவளுக்குச் சட்டப்படியான வழி. பள்ளியில் என்.சி.சி. இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். சீருடைக்காரர்களின் ஒழுங்கில் .22 சுட்டுப் பழக மாணவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்களே, அதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சின்னத் தோட்டா என்று நினைக்கிற .22 கூடத் தடையில்லாமல் போனால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். ராணுவ ரைபிளின் தோட்டா அதைவிட வெகுதூரம் போகும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

அதனால் எந்த ரேஞ்சுக்குப் போனாலும் முதலில் இலக்குக்குப் பின்னால் பாருங்கள். மண்மேடு போதுமான உயரமா, மழையில் கரைந்திருக்கிறதா, குண்டு தெறிக்கிற கல் ஏதும் துருத்திக்கொண்டிருக்கிறதா, அதற்கு அப்பால் வீடோ பாதையோ இருக்கிறதா? சுடும் நேரத்தில் சிவப்புக் கொடி ஏறியிருக்க வேண்டும். கட்டளையிட ஒரே ஒரு ரேஞ்ச் அதிகாரி. ஆனால் "நிறுத்து" என்ற குரல் யாரிடமிருந்து வந்தாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

சுடாத நேரத்தில் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பகுதி, திறந்திருக்கும்; ரைபிளில் தோட்டா உட்காரும் அறைக்குள் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கொடி செருகியிருக்கும். அந்தக் கொடி வெளியே தெரியாத ரைபிளைத் தோட்டா ஏற்றியதாகவே எண்ணிக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். இலக்குத் தாளை எடுக்க ஆள் முன்னால் போயிருக்கும்போது துப்பாக்கியை யாரும் தொடக் கூடாது. தோளில் வைக்கும் கட்டையைச் சரிசெய்யக்கூட வேண்டாம்.

ராணுவத்தில் சுட்டு முடித்ததும் காலி உறைகளைப் பொறுக்கி, கொடுத்த தோட்டாக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். ஒன்று குறைந்தாலும் புல்லை விலக்கித் தேடிவிட்டுத்தான் கலைவார்கள். கிளப்பிலும் இந்தக் கணக்கு உண்டா என்று கேளுங்கள். அப்புறம், காதுக் கவசமும் கண்ணாடியும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். அவளுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று பார்க்கப்போகிற உங்களுக்கும்.